பத்தொன்பதாம் எண்ணுக்குரியவர்

ஜூன் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு விடைத்தாள் திருத்தும் பழக்கத்தை விட்டாயா, இல்லையா? அண்ணிக்கும் பம்பரத்துக்கும் என் அன்பு. ஓரிடத்தில் நிற்காமல் சுற்றுகிறாளே என்று நான் பெயர் வைத்த குழந்தை பதினோராம் வகுப்புக்கு, அதுவும் உன் வகுப்புக்கே வந்துவிட்டாளாமே! இன்னும் சுற்றுகிறாளா?

ஓர் உதவி வேண்டும். எங்கள் உளவியல் துறையில் புதிதாகப் படிவம் தயாரித்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று. மனசுக்கு எங்கே பலம், எங்கே சிரமம் என்று அளந்து பார்ப்பதற்கு. காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் மாதிரி என்று பேராசிரியர் சொல்கிறார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. பேனாவைக் கையில் எடுத்ததுமே மனிதர்கள் நல்ல பிள்ளையாகிவிடுவார்கள்.

உன் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் என்று சொன்னாய். அவர்களிடமும், ஒவ்வொரு வீட்டிலிருந்து ஒரு பெரியவரிடமும் எழுதி வாங்கிக் கொடுப்பாயா? ஒரு வீட்டுக்கு ஒரே எண். பிள்ளையின் தாளிலும் பெரியவரின் தாளிலும் அதையே போட வேண்டும். பெயர் எங்கேயும் வரக்கூடாது. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் உன் மேசைக்குள் பூட்டியே இருக்கட்டும். எனக்குத் தெரியக்கூடாது. தாளை எழுதியவர்களே உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும். நீயும் பிரித்துப் பார்க்காதே, தெரிந்ததா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை.


ஜூலை 3

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக இருக்கிறதா? சின்ன வயதில் ஓயாமல் கேள்வி கேட்டு என் உயிரை எடுத்தவளுக்கு அதையே உத்தியோகமாகக் கொடுத்திருக்கிறார்களே, அந்தப் பேராசிரியரை நான் ஒருநாள் கும்பிட வேண்டும்.

கட்டு இத்துடன் வருகிறது. எழுபத்தாறு உறைகள். என் வகுப்பில் கடைசி வரிசைப் பையன் ஒருவன், "சார், 'எனக்கு அடிக்கடி கோபம் வரும்'னு போட்டிருக்கு. உங்களைப் பத்தி எழுதணுமா, என்னைப் பத்தியா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

பம்பரம் தன் தாளை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததே உன் ஆராய்ச்சியின் முதல் வெற்றி. என்ன எழுதினாள் என்று கேட்டால் நாக்கை நீட்டுகிறாள். எங்கள் வீட்டுப் பெரியவருக்கான தாளை உன் அண்ணியிடம் தள்ளிவிட்டேன். அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்றபடியே பத்து நிமிஷத்தில் முடித்து ஒட்டிக் கொடுத்தாள்.

உன் அண்ணி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு, முதுகு நிமிராத
அண்ணன்.


ஜூலை 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? அவசரமாக எழுதுகிறேன், அதனால் கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இன்று பகல் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தபோது பத்தொன்பதாம் எண் தாள் வந்தது. முதல் பக்கத்தில் பலங்கள். பிறருக்கு உதவுவேன், சொன்ன வேலையை முடிப்பேன், மற்றவர்கள் என்னை நம்பலாம்... நாற்பதுக்கு முப்பத்தெட்டு. இதுவரை நான் பார்த்ததிலேயே அதிகம். சந்தோஷமாகப் பக்கத்தைப் புரட்டினேன். சிரமங்கள், நாற்பதுக்கு முப்பத்தொன்று. பதினேழைத் தாண்டினாலே உடனே கவனிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. 'நான் இல்லாமல் போனாலும் யாருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது' என்ற வரிக்கு 'முழுக்க உண்மை' என்று குறித்திருக்கிறது. தாளின் அடியில் 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' என்று ஒரு வெற்றுக்கோடு விட்டிருந்தோம். பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. இவர் 'கேட்டதற்கு நன்றி' என்று எழுதியிருக்கிறார்.

அண்ணா, இதைப் படித்துவிட்டு நான் எழுந்து வராந்தாவில் நின்றேன். நாற்காலிக்குத் திரும்பிப் போக முடியவில்லை.

பட்டியல் உன்னிடம் இருக்கிறது. பத்தொன்பது யார் என்று பார். உன் ஊரில் இருக்கும் மனநல டாக்டரின் முகவரியை இத்துடன் வைத்திருக்கிறேன். அவரிடம் போய்ச் சேரும்படி செய். விஷயத்தை அந்த ஒருவரிடம் மட்டும் பேசு, வீட்டில் வேறு யார் காதுக்கும் போகக்கூடாது. இரண்டு வாரத்துக்குள் நடந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நான் தலைமையாசிரியருக்கு முறைப்படி எழுத வேண்டியிருக்கும்.

உடனே எழுது.

உன் தங்கை.


ஆகஸ்ட் 4

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. பட்டியலைப் பார்த்தேன். சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டேன். டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். நீ தலைமையாசிரியருக்கு எழுத வேண்டாம்.

அண்ணன்.


ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன மூச்சு திரும்பி வந்தது. அந்த வீட்டார் நன்றாக இருக்கட்டும். பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். கோப்பில் 'கவனிக்கப்பட்டது' என்று குறித்துக்கொண்டார்.

ஆனால் அதென்ன, நாலு வரியில் ஒரு கடிதம்? 'நலமா' என்றுகூடக் கேட்கவில்லை. முதுகு அவ்வளவு மோசமா? அண்ணி எப்படி இருக்கிறார்கள்? பம்பரத்தை எனக்கு இரண்டு வரி எழுதச் சொல். டாக்டர் பார்த்துவிட்டார் என்று ஒரு சீட்டு வாங்கி அனுப்பினால் என் கோப்பும் முடிந்துவிடும்.

பெரிய கடிதத்தை எதிர்பார்க்கும்,
தங்கை.


செப்டம்பர் 14

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. நாலு முறை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். உன்னிடம் நான் மறைத்துவிட்டேன் அம்மா. பத்தொன்பதாம் எண் எங்கள் வீடு. பம்பரம்.

உன் கடிதத்தைப் பள்ளியில்தான் பிரித்தேன். மேசையைத் திறந்து பட்டியலில் விரலை வைத்துக்கொண்டே வந்தேன். பத்தொன்பதில் என் மகள் பெயர். என் கையெழுத்தில். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. பையன்கள் வந்து கூப்பிட்டார்கள்.

அன்றிலிருந்து அவள் நிழல் மாதிரி அலைகிறேன். பள்ளிக்குக் கூடவே போகிறேன், கூடவே வருகிறேன். சிநேகிதி வீட்டுக்குப் போனால் தெருமுனையில் நிற்கிறேன். டாக்டரிடம் பரீட்சை பயம் என்று பொய் சொல்லி அழைத்துப் போனேன். மூன்று தடவை பேசிப் பார்த்தார். "நல்லா இருக்காளே சார். பசிக்குது, தூங்குறா, சண்டை போடுறா. உங்களைப் பார்த்தாத்தான் எனக்குக் கவலையா இருக்கு" என்கிறார். போன வாரம் கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கினாள். சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறாள். "ஏம்பா என்னையே முறைச்சு முறைச்சுப் பாக்குறீங்க?" என்று கேட்கிறாள். எனக்குத் தலை சுற்றுகிறது. உன் படிவத்தில்தான் ஏதாவது கோளாறா?

நீ சொன்னபடி யாரிடமும் மூச்சு விடவில்லை. உன் அண்ணியிடமும்தான். அவள் தாங்கமாட்டாள். நானும் மகளும் டாக்டரிடம் கிளம்பும்போது, "எங்க போறீங்க?" என்று கேட்பாள். "சும்மா, ஸ்கூல் வேலை" என்பேன். பாவம், அவளும் ஒரு மாதமாக வீட்டைப் போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறாள். போர்வை மேல்தட்டில், பம்பரத்தின் சான்றிதழ்கள் நீல உறையில், ரத்த அழுத்த மாத்திரை இரண்டாம் டப்பாவில் என்று அலமாரிக்கு அலமாரி சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். "கடை வைக்கப் போறியா?" என்று கேலி செய்தேன். சிரித்தாள்.

நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

அண்ணன்.


செப்டம்பர் 18

அண்ணா,

இது உன் கைக்கு வருவதற்குள் பள்ளிக்கூடத்துப் போனில் உன்னைப் பிடித்திருப்பேன். நேற்று சாயங்காலம் கடிதம் வந்ததிலிருந்து முயன்று பார்க்கிறேன். லைன் கிடைக்கவில்லை. இன்று காலை மறுபடி போன் பூத் வரிசையில் உட்கார்ந்தபடி, முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன்.

பம்பரம் இல்லை.

பிள்ளைகளின் தாள்களை முதல் இரண்டு வாரத்திலேயே திருத்திக் கட்டி வைத்துவிட்டேன். அந்தப் பத்தொன்பதில் ஒரு குறையும் இல்லை, நன்றாக இருக்கிறாள். ஜூலை கடைசியில் என் மேசையில் இருந்தவை பெரியவர்களின் தாள்கள் மட்டும்தான். அவை மட்டுமே என் கண்ணில் இருந்ததால், 'பெரியவர்' என்ற ஒரு சொல்லை எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஒரு சொல் அண்ணா.

அந்தத் தாளை நின்றபடியே பத்து நிமிஷத்தில் எழுதியது யார் என்று நீயேதான் எழுதியிருந்தாய்.

அந்தச் சீட்டுகள் வீட்டைச் சுத்தம் செய்வதற்காக ஒட்டியவை இல்லை. என் முறை வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.


செப்டம்பர் 27

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணி உயிரோடு இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன். போனில் 'கிடைச்சுட்டா' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று மூன்றாவது பீரியட். பியூன் வந்து, "சார், உங்க தங்கச்சி போன்ல. அழுறாங்க" என்றார். தெரிந்திருந்தும் உறுதிக்காக நீ கேட்டது ஒரே கேள்வி. "பெரியவங்க தாளை உங்க வீட்ல எழுதினது யாருண்ணா? நீயா?" "இல்ல" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ரிசீவரை வைத்தேனா, கீழே விட்டேனா, நினைவில்லை.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சாவியை நீட்டினார். "காலைல நீங்க கிளம்பின கையோட குடுத்துட்டுப் போயிட்டாங்களே. பொண்ணு வந்தா குடுத்துடுங்கன்னாங்க." உள்ளே மேசையில் இரண்டு தட்டு. இரண்டையும் மூடி வைத்திருந்தாள். எனக்கொன்று, பம்பரத்துக்கொன்று. மூன்றாவது தட்டு இல்லை. நான் கணக்கு வாத்தியார். இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நூலகத்துக்கு, ஆற்றுப் பாலத்துக்கு. தெரிந்தவர்கள் எதிரே வந்தார்கள், யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. என்ன என்று கேட்பது? இரண்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில், கடைசி பெஞ்சில் கண்டேன். கையில் பை இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க என்ன பண்றே?"

"பஸ் பாத்துட்டு இருக்கேன்."

"எந்த பஸ்?"

"அதான் தெரியல. காலைலேர்ந்து பதினாலு போயிடுச்சு. ஏதாவது ஒண்ணுல ஏறணும்னுதான் வந்தேன். எங்கயாவது போய், அப்புறம்... அதுக்குக்கூட எழுந்திருக்கத் தெம்பு வரல."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வாயிலிருந்து வந்ததைப் பார்: "பத்தொன்பது நீயா?"

"நீங்கதானே அந்த நம்பரை என் தாள்ல எழுதிக் குடுத்தீங்க" என்றாள்.

"நான் பம்பரம்னு நெனச்சுட்டேன்மா."

"அவளுக்கு என்னமோன்னு எனக்குத் தெரிஞ்சது. ரெண்டு பேரும் எங்கயோ போறீங்க, வர்றீங்க. கேட்டா மழுப்புறீங்க. எனக்கு உள்ளுக்குள்ள பதறிட்டே இருந்தது. பொண்ணுக்கு ஒண்ணுன்னா அம்மாகிட்டதானே முதல்ல சொல்லுவாங்க? அதுக்குக்கூட நான் உதவமாட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்."

வாத்தியார் உத்தியோகத்தில் இருபது வருஷம் பேசியே பிழைத்தவன் நான். அந்த பெஞ்சில் எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் தெரிந்தது. அவள்தான், "வெயில்ல ஏன் இப்படி ஓடி வந்தீங்க, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு" என்றாள்.

அங்கிருந்து நேராக அதே டாக்டரிடம் போனோம். இப்போது மருந்து கொடுக்கிறார், வாரம் இரண்டு முறை பேசுகிறார். தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னிடம் சொன்னார். அதை நான் எழுதமாட்டேன்.

பம்பரத்திடம் சொன்னபோது அவள் அழவில்லை, கத்தினாள். "என்னையா நெனச்சீங்க? அம்மா பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுட்டு ஒரு மணி நேரம் உள்ளேயே இருப்பாங்க. வெளிய வந்தா தலைகூட நனைஞ்சிருக்காது. உங்களுக்குத் தெரியலயாப்பா?" எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் வீணாகிறதே என்று ஒருநாள் கதவைத் தட்டியிருக்கிறேன்.

உன் அண்ணி எப்போதிலிருந்து இப்படி இருக்கிறாள் என்று டாக்டர் கேட்டார். நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.

அண்ணன்.


அக்டோபர் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? மருந்து ஒத்துக்கொள்கிறதா? சாப்பிட முடிகிறதா?

அண்ணனும் நானும் எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறோம். உங்களுக்கென்று தனியாக நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. உறையின்மேல் உங்கள் பெயரை எழுதும்போதே வெட்கமாக இருந்தது. அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'கேட்டதற்கு நன்றி.' பதினெட்டு வருஷமாக நீங்கள் எனக்கு அண்ணி. உங்கள் எழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் ஜூலையிலேயே முதல் ரயிலில் ஏறியிருப்பேன்.

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, வெளுத்துப் போய்விட்டார். யாருடைய மதிப்பெண்ணையும் ஓர் ஆசிரியருக்கு நான் எழுதியிருக்கவே கூடாது. ஒரு வரிப் பதிலை நம்பிக் கோப்பை மூடியிருக்கவும் கூடாது. ஆறு மாதத்துக்கு என்னைக் களப்பணியிலிருந்து விலக்கிவிட்டார்கள். அது குறைவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மற்ற ஊர்களிலிருந்து வந்த கட்டுகளையும் துறையில் எல்லோரும் உட்கார்ந்து மறுபடி பார்த்தார்கள். 'கவனிக்கப்பட்டது' என்று மூடிய கோப்புகளில் இன்னும் இரண்டு பேரை உண்மையில் யாரும் போய்ப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்திருக்கிறார்கள்.

என்னை மன்னியுங்கள் என்று கேட்கத் தைரியம் இல்லை. திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்.


டிசம்பர் 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ நலமாக இருக்கிறாயா? மெலிந்துவிட்டாய் என்று உன் அண்ணன் சொன்னார். போனில் குரலைக் கேட்டே எடை போட்டுவிடுகிறார், இப்போதெல்லாம் அப்படிக் கவனம்.

உன் கடிதத்துக்கு ஒரு மாதம் ஆயிற்று. முதலில் பேனா பிடிக்க முடியவில்லை. மருந்தினால் கை நடுங்கியது. அப்புறம் முடிந்தது, ஆனால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஏன் இப்படி ஆனது என்று எல்லோரும் கேட்கிறார்கள். டாக்டர் மட்டும் கேட்கவில்லை, அதனால் அவரிடம் பேச முடிகிறது. சொல்வதற்கு ஒரு காரணமும் என்னிடம் இல்லை. உன் அண்ணன் அடிப்பவர் இல்லை, குடிப்பவர் இல்லை. மகள் தங்கம். ஒரு குறையும் இல்லாத வீட்டில் எனக்கு மட்டும் எல்லாம் ஈயம் மாதிரி கனத்தது. காலையில் பல் தேய்ப்பதற்குள் களைத்துவிடுவேன். இதை யாரிடம், எப்படிச் சொல்வது? குறை இருந்தாலாவது சொல்லலாம். உன் தாளைப் பார்த்தபோதுதான், ஓ, இது மற்றவர்களுக்கும் வருகிறது போலிருக்கிறது, அச்சடித்துக் கேட்கிறார்களே என்று தோன்றியது. எல்லாவற்றையும் உண்மையாகக் குறித்தேன். ஒட்டிக் கொடுத்த அன்று மட்டும் நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம் காத்திருந்தேன். யாராவது வருவார்கள் என்று. வந்தார்கள், பம்பரத்தை அழைத்துப் போனார்கள்.

நீ திட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். ஒரு சொல்லை விட்டது உன் தப்பு, எண்ணை மாற்றிப் புரிந்துகொண்டது உன் அண்ணன் தப்பு, இரண்டையும் நான் விட்டுவிட்டேன். மனிதர்களுக்கு நடப்பதுதான். ஆனால் ஒன்றை என்னால் விட முடியவில்லை. செப்டம்பரில் உன் அண்ணன் கடிதம் வந்ததுமே, பெரியவரின் தாளை எழுதியது நான் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. தையல்காரம்மா வீட்டு போன் நம்பர் உன்னிடம் இருக்கிறது. என்னைக் கூப்பிட எத்தனை நேரம் ஆகியிருக்கும்? முதல் நாள் சாயங்காலம் நான் அவர் வீட்டில்தான் பட்டன் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ இரண்டு நாளும் பள்ளிக்கூடத்தைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். என்னைப் பற்றி உன் அண்ணனிடம் கேட்பதற்கு.

இப்படி யாரிடமும் நான் பேசியதில்லை. கிழித்துப் போடலாமா என்று யோசித்தேன். பம்பரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "அனுப்பும்மா, அத்தை பொழைச்சுப்பாங்க" என்கிறாள்.

இந்தச் சனிக்கிழமை காலை வண்டியில் நான் அங்கே வருகிறேன். பத்தே காலுக்கு வந்து சேரும். டாக்டர் போய்வரச் சொல்லிவிட்டார். தனியாகத்தான் வருகிறேன், நாலு நாள் இருப்பேன். ஸ்டேஷனுக்கு வா. நான் வருவது உண்மைதானா என்று உன் அண்ணனைக் கேட்காதே.

அன்புடன்,
அண்ணி.